பார்த்துக் கொடுங்கள் என்றால் எவ்வளவு?

அன்புள்ள ஆலோசகருக்கு,

இதற்கெல்லாம் போய் ஆலோசனை கேட்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் தீபாவளியிலிருந்து எனக்கு இந்த ஒரே நினைப்புதான்.

நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. வயது 63. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரே மகள், பெங்களூருவில் வேலை. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் அளவுக்கு எனக்கு வேலை இல்லை. ஒட்டடை அடிக்க, கொல்லையில் புல் செதுக்க, தொட்டி கழுவ என்று வேண்டும்போது மட்டும் ஒருத்தியைக் கூப்பிடுவேன். வள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

கூலி பேசி அவளை வேலைக்குக் கூப்பிட்டதே கிடையாது. எவ்வளவு என்று கேட்டால், “பார்த்துக் கொடுங்கள் டீச்சர்” என்பாள். 2019-இலிருந்து நாளுக்கு 400 ரூபாய் என்பது என் கணக்கு. சாப்பாடு, காபி தனி. அதற்கு மேல் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவள் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க 5,000 ரூபாய் கொடுத்தேன், திரும்பக் கேட்டதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அவர்கள் கூரை பறந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் குடும்பத்தோடு என் வீட்டில்தான் இருந்தார்கள். என் கொல்லையில் விழுந்து கிடந்த தென்னை மரங்களை அவளும் அவள் கணவனும்தான் வெட்டி அப்புறப்படுத்தினார்கள். அப்படிப் பழகியவர்கள் நாங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அவளைக் கூப்பிட்டேன். பரணை இறக்கி, ஒட்டடை அடித்து, அண்டா, கொப்பரை, தாம்பாளம், குத்துவிளக்கு என்று பித்தளைச் சாமான் எல்லாம் புளி போட்டுத் துலக்கினாள். முதல் நாள் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, மறுநாள் மதியம் வரை. ஒன்றரை நாளுக்கு 600 ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்தேன். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “தாளடி நடவுக்குப் போயிருந்தால் மதியத்துக்குள் கரையேறியிருப்பேன் டீச்சர், நாளுக்கு 450 கிடைத்திருக்கும்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. “நூறு நாள் வேலையில் எவ்வளவு தருகிறார்கள்? நான் சேலை வேறு கொடுத்திருக்கிறேனே” என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

மகள் இதையெல்லாம் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய்த் தெருமுனையில் அவளிடம் 500 ரூபாயைத் திணித்திருக்கிறாள். அன்று இரவு என்னிடம், “அம்மா, நீ செய்வது சுரண்டல்” என்றாள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு நியாயம் சொல்லிக் கொடுத்தவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனாருக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, “நீங்கள் இப்படி ஏற்றிவிட்டால் நாங்கள் எங்கே போய் ஆள் பிடிப்பது?” என்று என் மேலேயே பாய்கிறார்.

கார்த்திகைக்கு வள்ளியைக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கடைத்தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறாள். பொங்கல் வருகிறது, வீடு அப்படியே கிடக்கிறது. அதைவிட மனம்தான் ஆறவில்லை. நான் கொடுத்தது குறைவா? மகள் செய்தது நியாயமா? இவ்வளவு செய்தும் 200, 300 ரூபாய்க்காக ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாளா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணக் கணக்கு. அதைத் தள்ளிவைத்துவிட்டு மனத்தைப் பற்றிப் பேசினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன்.

வீட்டு வேலைக்கு நம் மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2018-இல் தமிழக அரசு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை என்று அறிவித்தது. எட்டு மணி நேரத்துக்கு 300 ரூபாயை ஒட்டி வரும். நீங்கள் சொன்ன நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். இரண்டோடு ஒப்பிட்டாலும் உங்கள் 400 அதிகம்தான். இதைப் படித்ததும் உங்களுக்கு நிம்மதி வந்ததா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவை இதற்குக் கீழே போகக்கூடாது என்று போட்ட கோடுகள். தெரிந்த மனுஷிக்குக் கொடுப்பதை அந்தக் கோட்டில் வைத்து அளக்க உங்களுக்கே மனம் ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

வேறு விதமாகப் பார்ப்போம். நீங்கள் ஓய்வூதியம் வாங்குபவர். 2019 ஜூலையில் 17 சதவீதமாக இருந்த அகவிலைப்படி, 2025 ஜனவரிக் கணக்கில் 55 சதவீதம். விலைவாசி ஏறியது என்று அரசே ஒப்புக்கொண்டு உங்களுக்குக் கொடுத்தது அது. அதே விகிதத்தை வள்ளியின் 400-க்கும் போட்டால் சுமார் 530 வருகிறது. ஒன்றரை நாளுக்கு 800-க்குக் கொஞ்சம் குறைவு. இன்னொரு கணக்கு வள்ளியே சொன்னது. உங்கள் வீட்டுக்கு வந்ததில் அவருக்கு இரண்டு நாள் நடவு போயிற்று. அது 900 ரூபாய். இரண்டு நாளும் மதியத்தோடு வீடு திரும்பியிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, நியாயமான தொகை 800-க்கும் 1,000-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நீங்கள் கொடுத்த 600 குறைவு. உங்கள் மகள் கொடுத்ததையும் சேர்த்தால் 1,100. அவர் எந்தக் கணக்கும் போடவில்லை, ஆத்திரத்தில் கைக்கு வந்ததைக் கொடுத்தார், அது ஏறக்குறைய சரியாக அமைந்துவிட்டது.

நீங்கள் கஞ்சத்தனத்தால் குறைத்துக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. 400 என்ற எண் மனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 1974-இல் டுவெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள். 10-இலோ 65-இலோ மட்டும் நிற்கும்படி செய்த சக்கரம். பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் 25-ஐ ஒட்டியும், 65-ஐப் பார்த்தவர்கள் 45-ஐ ஒட்டியும் பதில் சொன்னார்கள். ஒரு சம்பந்தமும் இல்லாத எண்ணே இப்படி இழுக்கிறது என்றால், ஆறு வருடம் நீங்களே கொடுத்துப் பழகிய எண் எவ்வளவு இழுக்கும்?

இதோடு விஷயம் முடிந்திருந்தால் 200 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு இடம். பாலிடெக்னிக்குக்குக் கொடுத்தது 5,000 என்று தொகையோடு எழுதியிருக்கிறீர்கள். கஜாவில் இடம் கொடுத்ததை, எத்தனை நாள் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, விழுந்த தென்னைகளை வள்ளியும் கணவரும் வெட்டி அப்புறப்படுத்தியதைச் சொல்கிறீர்கள். எத்தனை மரம், எத்தனை நாள், என்ன கூலி, ஒன்றும் இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஒரு தென்னையை அறுத்துத் தள்ள ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகள் உண்டு. சொந்தக் கூரை பறந்துபோன ஒருவர் உங்கள் கொல்லையைச் சுத்தம் செய்திருக்கிறார். உங்கள் பேரேட்டில் அது பற்றாகவும் இல்லை, வரவாகவும் இல்லை; “அப்படிப் பழகியவர்கள்” என்ற வார்த்தைக்குள் போய்விட்டது. வள்ளியிடமும் ஒரு பேரேடு இருக்கும். அதில் தென்னை மரங்கள் எண்ணிக்கையோடு இருக்கும் என்றே எண்ணுகிறேன். உங்கள் 5,000 அதில் இல்லை என்று சொல்ல மாட்டேன், அதுவும் இருக்கும்.

குறிப்பு எழுதாமல் கொடுத்து வாங்கும் உறவும், கொடுத்ததற்கு உடனே ஈடு வாங்கும் உறவும் மனத்தளவில் வேறு வேறு என்று 1979-இல் கிளார்க், மில்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதல் வகையில் கணக்குப் பேசினால் மனம் நோகும். இரண்டாவதில் பேசாவிட்டால்தான் நோகும். உங்களுக்கும் வள்ளிக்கும் இடையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கூலி பேசும் நேரத்தில் நீங்கள் சேலையை எடுத்துச் சொன்னீர்கள். அந்த நொடியில் சேலை அன்பளிப்பாக இல்லாமல் போய், கூலியில் கழித்த தொகை ஆகிவிட்டது. வள்ளி பேசாமல் போனது 300 ரூபாய்க்காக அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னும் ஒரு கனம் உண்டு. பண்ணையாள் காலத்தில் களத்து நெல்லோடு பண்டிகைக்கு வேட்டி சேலையும் கொடுப்பது வழக்கம். அது பாசமா, கூலியில் ஒரு பங்கா, ஆளை விடாமல் பிடித்துவைக்கும் கயிறா என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் அதற்கு மறுவருடம்தான் வந்தது. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் இந்தப் பேச்சைக் கேட்டு வளராத குடும்பம் குறைவு. “நான் சேலை கொடுத்தேனே” என்பது வள்ளியின் பாட்டி காலத்திலிருந்து அவர் வீட்டில் கேட்டுவந்த வாக்கியமாக இருக்கலாம். உங்கள் மகளின் வாயில் அந்தக் கடுமையான வார்த்தை வந்ததும் அதனால்தானோ என்னவோ.

மகளைப் பற்றி. அவருக்கு வந்த சங்கடம் உண்மையானது. செய்த விதம் எனக்கு உவப்பாக இல்லை. பண்டிகைக்கு வந்து திரும்பிப் போகிற பிள்ளைகள் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. தங்கள் மன உறுத்தலை ஒரு நோட்டில் தீர்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். பிறகு அங்கே இருந்து பழக வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தானே. வள்ளியின் இடத்திலிருந்து யோசியுங்கள். அந்த 500 உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவருக்குத் தெரியாது. மறுபடி வேலைக்கு வந்து 600-ஐ வாங்கிக்கொண்டால், முன்பு வாங்கிய 500-ஐ மறைத்ததாக ஆகும். 1,100 கேட்டால் பேராசை என்று பெயர் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் “வேலை இருக்கிறது” என்று சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்வார்? நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டது கூச்சமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல நான் அவரைப் பார்த்தவன் அல்ல. ஆனால் கோபக்காரர்கள் கடைத்தெருவில் தலையசைக்க மாட்டார்கள்.

உங்களை உண்மையில் வதைப்பது மகள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்று நினைக்கிறேன். கூலித் தகராறு என்று ஆரம்பித்த கடிதம், முப்பத்தைந்து வருட ஆசிரியப் பணியில் போய் நின்றது. பெற்ற பெண்ணே சொந்த வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்ற வலி அது. அதை வள்ளியின் மேல் இறக்காதீர்கள். மகளிடம் தொலைபேசியில் நேராகவே சொல்லிவிடலாம்: “பணம் குறைவு என்று நீ சொன்னது சரி. என்னிடம் சொல்லாமல் பின்னால் போய்க் கொடுத்ததும், அந்த வார்த்தையும் எனக்கு வலித்தது. அடுத்த முறை என் எதிரிலேயே சொல்.” அவ்வளவு போதும். அவர் உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைகள் இந்த மாதிரி விஷயங்களில் மெதுவாகத்தான் இறங்கிவருவார்கள்.

நாத்தனாருக்குப் பதில் தேவையில்லை. நடவுக் கூலி ஏறியதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

வள்ளியை ஆள் விட்டுக் கூப்பிடாதீர்கள், போனிலும் வேண்டாம். நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். மகள் கொடுத்த 500 உங்களுக்குத் தெரியும், அது கூலியில் சேர்ந்ததுதான் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அந்த முடிச்சு அவிழ்ந்தாலே பாதி வேலை முடியும். பிறகு பொங்கல் வேலை இன்னது, இத்தனை மணி வரை, நாளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். “பார்த்துக் கொடுங்கள் டீச்சர்” என்றுதான் வரும், பழக்க தோஷம். விடாதீர்கள். 550 என்று நீங்களே ஒரு தொகையைச் சொல்லி, போதுமா என்று கேளுங்கள். அவர் 600 என்றால் 600. அந்தத் தொகை உங்களுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் பாதி நாள் வேலையாகக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, தொகையைக் குறைக்க வேண்டாம். பொங்கலுக்குச் சேலை எடுத்தால் கூலி கொடுக்கும் நாளில் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துக் கரும்போடு கொடுங்கள்.

அவர் வர மறுக்கவும் கூடும். அப்படியானால் அது அவர் முடிவு, நீங்கள் போனது வீண் இல்லை. மார்கழியில் வயல் வேலை குறைவு, ஆள் வீட்டில் இருப்பார். தை பிறந்து அறுவடையும் உளுந்தும் தொடங்கிவிட்டால் பிடிப்பது சிரமம். இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.