பிரகாஷ் சிங் பாதல் ஐந்து முறை பஞ்சாப் முதல்வர் ஆனது எப்படி? கடைசியில் சொந்தத் தொகுதியிலேயே தோற்றது ஏன்?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பஞ்சாப் கிராமம். அந்த மண்ணின் விவசாயி மனசில் என்ன ஓடுகிறது என்பதை பாதல் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தவர் அங்கே வேறு யாருமில்லை. தெரிந்திருந்த வரைக்கும் ஜெயித்தார். பிடி நழுவியதும் தோற்றார்.

நாடு விடுதலையான 1947-ல் தன் ஊரான பாதல் கிராமத்தின் ஊராட்சித் தலைவராக ஆரம்பித்தார். 1957-ல் மலோட் தொகுதியில் முதன்முறை எம்.எல்.ஏ. கலைஞர் குளித்தலையில் ஜெயித்து சட்டமன்றத்துக்குள் போனதும் அதே வருடம்தான். அவரும் ஐந்து முறை முதல்வர். கலைஞருக்குச் சட்டமன்றத் தேர்தலில் தோல்வியே கிடையாது. பாதலோ 1967-ல் கித்தர்பாஹாவில் வெறும் 57 ஓட்டில் தோற்றார். அசரவில்லை. 1969-ல் அதே தொகுதியில் நின்று ஜெயித்து, 1970 மார்ச்சில், 42 வயதில் முதல்வராகிவிட்டார்.

எமர்ஜென்சியை எதிர்த்து அவருடைய கட்சியான, சீக்கியர்களின் அகாலி தளம் நடத்திய போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். 1977-ல் ஃபரீத்கோட் எம்.பி. ஆகி, மொரார்ஜி தேசாய் அரசில் மத்திய விவசாய அமைச்சரானார். மூன்று மாதங்கள்கூட அங்கே இருக்கவில்லை. பஞ்சாபில் ஆட்சி கிடைத்ததும் பதவியை விட்டுவிட்டு சண்டிகருக்குத் திரும்பி, மறுபடி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். டெல்லியை விடச் சட்டமன்றமே பெரிது என்று நினைத்த மனிதர் அவர். 1980 பிப்ரவரியில் இந்திரா காந்தி ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தபோது, இங்கே எம்.ஜி.ஆர் ஆட்சி போனது, அங்கே பாதல் ஆட்சி போனது.

அப்புறம் வந்தது தீவிரவாதமும் வன்முறையும் நிறைந்த பஞ்சாபின் இருண்ட காலம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அதிலிருந்து மாநிலம் வெளியே வந்தபோது பாதல் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 1996-ல் மோகாவில் நடந்த மாநாட்டில், அகாலி தளம் சீக்கியர்களுக்கு மட்டுமான கட்சி இல்லை, எல்லாப் பஞ்சாபிகளுக்குமான கட்சி என்று அறிவித்தார்கள். இந்துக்கள் ஓட்டு அதிகமுள்ள நகரங்களில் செல்வாக்கு பெற்ற பா.ஜ.க.வோடு கூட்டணி. 1997-ல் 117 இடங்களில் 93 இடம் கிடைத்தது. ஐந்து வருடமும் முழுசாக நடந்த முதல் அகாலி ஆட்சி அதுதான். இத்தனை ரத்தம் சிந்திய இடத்தில் சீக்கியரும் இந்துவும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தது சாதாரண விஷயமில்லை.

அவருடைய ஆட்சி முறை என்றால் 'சங்கத் தர்ஷன்'. முதல்வரே கிராமத்துக்கு வருவார், கூடவே அதிகாரிகள் கூட்டம். சாக்கடை, சாலை, சமுதாயக்கூடம் என்று ஊர்க்காரர்கள் கேட்கக் கேட்க அங்கேயே பணம் ஒதுக்குவார். பட்ஜெட்டை இப்படிக் கைக்காசு மாதிரி செலவழிப்பதா என்று எதிர்க்கட்சிகள் திட்டின. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் எண்பது வயதுக்கு மேல் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து மனு வாங்கிய மனிதரை ஜனங்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2007-ல் திரும்ப ஆட்சிக்கு வந்தவர் 2012-லும் ஜெயித்தார். 1966-ல் மாநிலம் பிரிந்த பிறகு, ஆளுங்கட்சி அடுத்தடுத்து ஜெயித்தது அங்கே அதுவே முதல் தடவை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1997-ல் வந்ததும் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரத்தை இலவசமாக்கினார். நம்மூரிலும் இலவச மின்சாரம் உண்டு, அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் பஞ்சாபில் அது நெல்லோடு சேர்ந்துகொண்டது. நான் திருப்பூர்க்காரன்; தொழில் விஷயமாக லூதியானா போய்வரும் பழக்கத்தில், அங்கே ஒரு நண்பரின் ஊருக்குப் போயிருக்கிறேன். வயல் ஓரத்தில் செங்கல் கட்டிய ஆழமான குழி ஒன்று இருந்தது. முன்பு அதற்குள்தான் மோட்டாரை இறக்கி வைத்து இறைப்பார்களாம். தண்ணீர் கீழே போகப் போகக் குழியையும் ஆழப்படுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். இப்போது அதில் செடிதான் முளைத்திருக்கிறது. பக்கத்திலேயே போர் போட்டு சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியாகிவிட்டது.

இந்த ஆபத்து பாதலுக்குத் தெரியாமல் இல்லை. 2009-ல் அவர் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கடும் கோடையில் நட்டால் தண்ணீர் அதிகம் இழுக்கும் என்பதால், மே 10-க்கு முன் நாற்று விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது அந்தச் சட்டம். மீறினால் பயிரை அழிப்பார்கள், அபராதமும் உண்டு. விவசாயி ஓட்டை நம்பி இருக்கும் ஒரு கட்சி இப்படிச் சட்டம் போடத் துணிச்சல் வேண்டும். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க நாள் போதாமல், அறுத்த நெல் தாளை வயலிலேயே கொளுத்தும் வழக்கம் இன்னும் அதிகமானது. இலவச மின்சாரத்தையோ, நெல் மட்டுமே லாபம் என்ற அரசுக் கொள்முதல் முறையையோ தொடாமல் தேதியை மட்டும் மாற்றினால் வேறு என்ன நடக்கும்?

சரி, தோல்விக்கு வருகிறேன். 2015 அக்டோபரில் பர்காரி கிராமத்தில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபின் பக்கங்கள் கிழித்து வீசப்பட்டன. கொதித்துப்போய் தர்ணாவில் உட்கார்ந்தவர்கள் மீது பெஹ்பல் கலானில் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். முதல்வர் பாதல், உள்துறை அவர் மகன் சுக்பீர் கையில். சீக்கியர்களின் கட்சி ஆட்சியிலேயே இது நடந்ததை மக்கள் மன்னிக்கவில்லை. 2017-ல் அகாலி தளம் 15 இடங்களுக்குச் சுருங்கியது. அப்போதும் தன் லம்பி தொகுதியில் காங்கிரஸின் முதல்வர் வேட்பாளர் அமரீந்தர் சிங்கையே தோற்கடித்தார் பாதல்.

மோடி அரசின் வேளாண் சட்டங்களில் மிச்சமும் போனது. 2020-ல் ஆரம்பத்தில் அகாலி தளம் அவற்றை ஆதரித்துப் பேசியது. கிராமங்கள் கொதித்த பிறகுதான் மருமகள் ஹர்சிம்ரத் மத்திய அமைச்சர் பதவியை விட்டார், கட்சி பா.ஜ.க. கூட்டணியை விட்டு வெளியேறியது, பாதல் தன் பத்ம விபூஷண் விருதைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் தாமதம். பழைய பாதலாக இருந்திருந்தால் முதல் நாளே அந்தச் சூட்டை உணர்ந்திருப்பார் என்பது என் எண்ணம்.

2022-ல் 94 வயதில் லம்பியில் நின்று, ஆம் ஆத்மியின் குர்மீத் சிங் குடியானிடம் 11,396 ஓட்டில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தது மூன்றே இடம். 2023 ஏப்ரலில் காலமானார். அடுத்த மாதமே குடியான் பஞ்சாபின் விவசாய அமைச்சரானார். நடவுத் தேதியும் நெல் தாள் பிரச்சினையும் அவர் துறைக்கு வந்து சேர்ந்தன.