மிலாறுக் குச்சியில் ஹலோவீன் வளையம் கட்டலாமா?

ஒக்டோபர் வந்தாலே வாசல் அலங்காரம் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை, ஒக்டோபர் 31இல் வரும் ஹலோவீனுக்குக் கதவில் மாட்டும் வளையம் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுகிறோம். ஒக்டோபர் கடைசியில் வருகிறவர்களுக்காக முன்கதவில் ஹலோவீன் வளையம் மாட்ட ஆசை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளையம் விலையும் கூட, பார்க்கவும் அழகில்லை. வீட்டைச் சுற்றிக் கிடைப்பதை வைத்தே கட்ட முடியுமா? – வாசகி, எல்ல

பதில்: தாராளமாக முடியும் தங்கச்சி. கடை வளையத்தைவிட உங்கள் மலையில் கிடைப்பதை வைத்துக் கட்டுவதுதான் வருகிறவர்களுக்கும் பிடிக்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக்கை அவர்கள் ஊர்க் கடைகளிலேயே நிறையப் பார்த்திருப்பார்கள். அமெரிக்கா, கனடாப் பக்கம் இந்த வளையத்துக்கு அடிச்சட்டமாகத் திராட்சைக் கொடியை முறுக்கிக் கட்டுவார்கள். நமக்கு மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சி, இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறில் பென்சில் பருமனுக்கு மேல் போகாத, நீளமான குச்சிகளாகப் பார்த்து எடுங்கள். தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அது பல வீடுகளுக்கு அடுப்பு விறகு. பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ஒடியும், அப்படியானால் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு மெதுவாக வளைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாத குச்சியை அடுப்புக்கே விட்டுவிடுங்கள். வேலியில் பெஷன் பழக் கொடி இருந்தால் இன்னும் சுலபம், முற்றிய கொடியை வெட்டி இலையை உருவிவிட்டு மூன்று நான்கு சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட்டால் சட்டம் தயார். இரண்டையும் சேர்த்தும் கட்டலாம், கொடி உள்ளே, மிலாறு வெளியே சிலும்பிக்கொண்டு நின்றால் ஹலோவீனுக்குப் பொருத்தமான தோற்றம் தானாகவே வந்துவிடும். குறுக்களவு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கதவைத் திறந்து மூடும்போது இடிக்கும். கட்டுவதற்குத் தும்புக் கயிறே போதும்.

மாட்டுவதற்கு பைனஸ் காய், டர்ப்பன்டைன் மரத்தடியில் விழுந்து கிடக்கும் கட்டையான காய், காய்ந்து சுருண்ட பன்னம் (ஃபேர்ன் இலை), ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும் கிரவிலியா இலை என்று உங்கள் பக்கத்தில் எதற்கும் பஞ்சமில்லை. பைனஸ் காய் பனி மூட்டத்தில் ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும், வெயில் வந்ததும் திரும்ப விரியும், பழுதாகிவிட்டது என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். தேங்காய்ச் சிரட்டையில் மூன்று கண் உள்ள பாதி இருக்கிறதே, அதைத் தும்பு போகச் சுரண்டித் தேய்த்து வளையத்தின் அடியில் கட்டிப் பாருங்கள். நீங்கள் எதுவும் வெட்டாமலே அது ஒரு முகம்.

இந்தப் பண்டிகைக்குக் கறுப்பும் செம்மஞ்சளும்தான் நிறம். ஸ்பிரே பெயின்ட் வாங்கக் காசைச் செலவழிக்க வேண்டாம். துருப்பிடித்த ஆணிகளை ஒரு கண்ணாடிப் போத்தலில் வினாகிரியில் போட்டு நாலைந்து நாள் வையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து, டஸ்ட் தேயிலையில் கொதிக்க வைத்த கடும் சாயத்தில் ஊறப்போட்டுப் பிழிந்துவிட்டு, அப்புறம் அந்த ஆணித் தண்ணீரில் நனைத்தால் கண்ணெதிரே துணி கறுத்துவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் வரும் கறுப்பு அது, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதுமையே இப்படிச் சேர்த்துத்தான் செய்தார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நல்ல உடுப்பில் பட்டால் போகாது. செம்மஞ்சளுக்கு மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு கலந்தால் சிவப்பு ஏறும், ஆரத்திக்குக் கலக்குகிறோமே அதேதான், ஆனால் சுண்ணாம்பு கொஞ்சமாக இருக்கட்டும். வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் நிறம் என்றாலும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

வளையத்தை முழுக்க நிரப்பாதீர்கள். ஒரு பக்கம் கீழே கொத்தாகக் கட்டிவிட்டு மூன்றில் ஒரு பங்கையாவது வெறும் குச்சியாக விடுங்கள். மிலாறின் முறுக்கு தெரிந்தால்தான் அது உங்கள் ஊர் வளையம்.

கேள்வி: மகள் வகுப்புத் தோழிகளை ஹலோவீனுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறாள். வாசலில் வளையம் கட்டலாம் என்றால் மாமியார், "கதவில் வளையம் தொங்கினால் எழவு வீடு மாதிரி இருக்கும், கூடவே கூடாது" என்கிறார். நாங்கள் இருப்பது தோட்டத்து வரிசை வீடான லயத்தில். என்ன செய்யலாம் அக்கா? – வாசகி, அட்டன் பக்கத்துத் தோட்டம்

பதில்: மாமியார் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள் அம்மா. நம் ஊரில் வட்டமாகக் கட்டிய பூவையும் இலையையும் நாம் எடுத்துப்போவது சாவு வீட்டுக்குத்தான். அதிலும் லயத்தில் எல்லாக் காம்பராக்களுக்கும் முன்னால் ஒரே தாழ்வாரம், வேலை விட்டு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், ஒரு நிமிஷம் நின்று "யாருக்கு என்ன ஆச்சு" என்று பதறிவிடுவார்கள். அந்தப் பதற்றத்தை நாம் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அதனால் முழு வட்டம் வேண்டாம். அதே மிலாறை அரை வட்டமாக, பிறை மாதிரி வளைத்துக் கட்டுங்கள், முனைகள் இரண்டும் மேலே பார்த்து நிற்கட்டும். வெள்ளைப் பூவும் சைப்பிரஸ் கொப்பும் சேர்க்கவே வேண்டாம், குறுக்கே ரிப்பனும் வேண்டாம், அந்த மூன்றும்தான் மலர்வளையத்தை நினைவுபடுத்துகிறவை. செம்மஞ்சள் துணியும் சிரட்டை முகமும் இருந்தால் பார்த்தவுடனே பிள்ளைகள் விளையாட்டு என்று புரிந்துவிடும். பிள்ளைகள் வருகிற அன்று மாலை மாட்டி, அவர்கள் போனதும் கழற்றிவிடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், பக்கத்து வீட்டில் கத்தோலிக்கர்கள் இருந்தால் அவர்கள் கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு புறப்படுகிற நாளில் நம் கதவில் எலும்புக்கூடு தொங்க வேண்டாம். அந்த வாரத்தில் லயத்தில் யாராவது தவறிவிட்டால் மகளிடம் பக்குவமாகச் சொல்லி விட்டுவிடுங்கள். இன்னொன்று, தும்புக் கயிறு முறுக்குகிற வேலையை மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தத் தலைமுறையின் கைக்கு உள்ள இறுக்கம் நமக்கு வராது.

கேள்வி: அக்கா, நான் பத்தாம் ஆண்டு படிக்கிறேன். போன வருஷம் கறுப்புக் கடதாசியில் வௌவால் வெட்டிப் பசையால் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லாம் கீழே கிடந்தது. பசை சரியில்லையா? – மாணவன், தலவாக்கலை

பதில்: பசையில் குற்றமில்லை தம்பி, காலநிலை அப்படி. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம், நம் பக்கம் காலையில் வெயில் அடித்தாலும் பின்னேரம் இடியோடு மழை கொட்டும், இரவில் பனி மூட்டம். பள்ளிக்கூடத்துப் பசை தண்ணீரில் கரைகிற பசை, கடதாசியும் ஈரத்தைக் குடித்துச் சுருண்டுவிடும். சூடாக உருக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கியும் ஈரமான குச்சியில் பிடிக்காது. ஒட்டுவதை விட்டுவிட்டுக் கட்டப் பழகுங்கள், மெல்லிய கட்டுக்கம்பி போதும். கம்பி நுனியைக் குறட்டால் உள்பக்கம் மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

கடதாசிக்குப் பதில் உடைந்த கறுப்புக் குடையின் சீலையை எடுங்கள். மலைநாட்டில் உடைந்த குடை இல்லாத வீடு ஏது? பெரும்பாலான குடைகளில் எட்டுத் துண்டுச் சீலை இருக்கும், ஒவ்வொன்றும் முக்கோணம். இரண்டைச் சேர்த்து அடிப்பக்கத்தை வளைவு வளைவாக வெட்டினால் அசல் வௌவால் சிறகு. மழையில் நனைந்தாலும் உதறிவிட்டால் போதும், அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வளையத்துக்குள் மெழுகுதிரி வைத்தால் இரவில் அழகாக இருக்குமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. – வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம் ஐயா. காய்ந்த மிலாறும் பன்னமும் விறகு, நெருப்புப் பட்டால் நொடியில் பிடிக்கும், பின்னால் இருப்பதோ மரக்கதவு. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்த செய்திகள் நமக்குப் புதிதில்லை. பெட்டரியில் எரியும் சின்ன எல்ஈடி மாலைகள் கடையில் கிடைக்கின்றன, அதைச் சுற்றுங்கள். வாங்கும்போது பென்டோர்ச் பெட்டரி போடுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். தட்டையான வட்டப் பெட்டரி போடுவது வேண்டாம், குழந்தை அதை விழுங்கினால் தொண்டையில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கேள்வி: சிவப்பும் கறுப்புமாக இருக்கிறதே என்று தங்கை ஊரிலிருந்து குண்டுமணி கொண்டுவந்திருக்கிறாள். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மரத்தில் தொங்கும் தாடிப் பாசியையும் சேர்த்தால் பேய் வீடு போலவே இருக்குமே? – வாசகி, நுவரெலியா

பதில்: இரண்டுமே வேண்டாம் தங்கச்சி. குண்டுமணிக்குள் இருப்பது கடும் நஞ்சு, முழுசாக இருக்கும்போது மேல்தோல் கெட்டியாக இருந்து காப்பாற்றுகிறது, ஆனால் கோர்ப்பதற்காக ஊசியால் துளைத்தாலோ ஒரு பிள்ளை கடித்தாலோ உயிருக்கே ஆபத்து. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஓர் இலையைக் கூடப் பறித்து வரக் கூடாது. தாடிப் பாசி வளர்வதும் மிக மெதுவாகத்தான். அதே தோற்றம் வேண்டுமென்றால் தும்பைப் பிரித்துத் தேயிலைச் சாயத்தில் நனைத்துத் தொங்கவிடுங்கள். கடையில் விற்கும் பஞ்சுச் சிலந்தி வலையையும் வெளிக்கதவில் விரிக்காதீர்கள், தேன்சிட்டும் தேனீயும் அதில் சிக்கிச் செத்துப்போகும். பூ ஊமத்தையும் அப்படித்தான், வேலியில் தொங்கும்போது அழகு, ஆனால் செடி முழுக்க விஷம், பிள்ளைகள் தொடுகிற கதவுக்கு வேண்டாம்.

கேள்வி: தீபாவளியும் ஹலோவீனும் கிட்டக் கிட்ட வருகின்றன. ஒரே கதவில் இரண்டுக்கும் எப்படி? ஹலோவீன் கிறிஸ்தவப் பண்டிகையா? – வாசகர், பதுளை

பதில்: 2024இல் இரண்டும் ஒரே நாளில், ஒக்டோபர் 31இல் வந்தன. 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20. ஒரே நாளில் வந்தால் நிலைவாசல் மாவிலைத் தோரணத்துக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளையத்தை ஜன்னலிலோ பின்கதவிலோ மாட்டுங்கள். இரண்டாவது கேள்விக்கு: அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிறபோது கொண்டாடிய சம்ஹெய்ன் என்ற பழைய விழாவும், நவம்பர் 1இல் வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவும் கலந்து வந்தது ஹலோவீன். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப்பைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே மலிவாகக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். நம் சந்தையில் பீட்ரூட், நோக்கோல், டர்னிப் எல்லாமே இருக்கிறது. சின்னதாகப் பார்த்து வாங்கி முகம் செதுக்கி வளையத்தில் தொங்கவிடலாம். ஹலோவீன் அன்று மத்தியானத்துக்கு மேல் செதுக்குங்கள், நம் ஈரத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் இதைக் கட்டி விடுதிகளுக்கு விற்கலாமா? – வாசகி, ஹப்புத்தளை

பதில்: விற்கலாம். ஒக்டோபர் கடைசியில் தூக்கிக்கொண்டு போனால் யாரும் வாங்க மாட்டார்கள், அதற்குள் அவர்கள் அலங்காரம் முடிந்திருக்கும். செப்டெம்பரிலேயே மாதிரி ஒன்றைக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டி, எத்தனை வேண்டும் என்று கேட்டு முன்பணம் வாங்கிவிட்டுக் கட்டத் தொடங்குங்கள். விலை போடும்போது கம்பிக்கும் துணிக்கும் மட்டும் கணக்குப் பார்க்காமல் குச்சி பொறுக்கப் போன நேரத்தையும் கட்டுகிற நேரத்தையும் அன்றைய நாட்கூலிக் கணக்கில் சேருங்கள். சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால், ஒக்டோபர் முடிந்ததும் வௌவாலையும் சிரட்டையையும் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் சைப்பிரஸும் சிவப்பு ரிப்பனும் கட்டி நத்தாருக்கு இன்னொரு தடவை விற்கலாம், விடுதிக்காரர்களிடம் அதையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.