நான்கு ஸ்லாட் மதர்போர்டில் இரண்டு ரேம் போட்டும் டூயல் சேனல் வரவில்லை, ஏன்?

கேள்வியில் இருக்கும் நிலவரம் இது: நான்கு ஸ்லாட் உள்ள போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-3200 ரேம் இரண்டு. பிராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் அடுத்தடுத்து மாட்டியிருக்கிறது. விண்டோஸ் 16 ஜிபி காட்டுகிறது, கணினி பாகங்களின் விவரத்தைக் காட்டும் சிபியூ-இசட் என்ற மென்பொருள் மட்டும் சிங்கிள் சேனல் என்கிறது.

ரேமிலோ போர்டிலோ பழுது எதுவும் இல்லை, மாட்டிய இடம்தான் தவறு. பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளுக்கு மாற்றுங்கள். போர்டில் சின்ன எழுத்தில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும்.

வழக்கமான வீட்டு பிராசஸர்களில் மெமரிக்கு இரண்டு சேனல்கள், அதாவது தரவு போய்வரும் பாதைகள், ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். பிராசஸரிலிருந்து வெளிப்புறமாக ஸ்லாட்டுகளின் வரிசை பெரும்பாலும் ஏ1, ஏ2, பி1, பி2. முதல் இரண்டுமே ஏ சேனலைச் சேர்ந்தவை. அவற்றை மட்டும் நிரப்பினால் பி சேனல் சும்மா கிடக்கும். டிடிஆர்4-3200 ஒரு வினாடிக்கு 320 கோடி முறை 8 பைட் அனுப்பும், அதாவது ஒரு சேனலில் அதிகபட்சம் 25.6 ஜிபி. இரண்டும் வேலை செய்தால், அதாவது டூயல் சேனலில், 51.2 ஜிபி. நீங்கள் இப்போது பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

'ஏ1, பி1 போட்டாலும் ஆளுக்கொரு சேனல்தானே?' என்று பலர் கேட்பதுண்டு. டூயல் சேனல் வரும், உண்மைதான். ஆனால் இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவை டெய்சி செயின் முறையில் இழுக்கப்பட்டவை: பிராசஸரிலிருந்து வரும் தடம் முதலில் ஏ1-ஐத் தொட்டு, பிறகு ஏ2-இல் போய் முடியும். ஏ1-இல் ரேம் இருந்து ஏ2 காலியாக இருந்தால், சிக்னல் வெறும் முனைவரை ஓடி, அங்கே மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலைக் குழப்பும். 2133 வேகத்தில் இது தெரியாமலே போகலாம். 3200, 3600 என்று ஏற்றும்போது கணினி துவங்காமல் போகலாம், அல்லது எப்போதாவது நீலத்திரை விழலாம். டிடிஆர்5-இல் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். அதனால்தான் கையேட்டில் 'இரண்டு ரேம் என்றால் ஏ2, பி2' என்று இருக்கும். ஸ்லாட்டின் நிறத்தை நம்பாதீர்கள். சில போர்டுகளில் ஒரே நிறம் ஒரு ஜோடியைக் குறிக்கும், சிலவற்றில் நான்கும் கறுப்புதான். கையேட்டில் உள்ள அட்டவணைதான் இறுதி வார்த்தை. இரண்டே ஸ்லாட் உள்ள சிறிய போர்டில் இந்தக் குழப்பமே கிடையாது, இரண்டையும் நிரப்பினால் போதும்.

மாற்றும்போது, கணினியை ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, கேபிளையும் பிடுங்குங்கள். பிறகு கேபினட்டின் பவர் பட்டனை சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமின் ஓரங்களை மட்டும் பிடித்துக் கழற்றுங்கள். ரேமின் அடியில் உள்ள வெட்டு நடுவில் இருக்காது, சற்றே ஒருபக்கம் தள்ளி இருக்கும். ஸ்லாட்டின் மேட்டோடு அது பொருந்தாவிட்டால் ரேமைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், பலம் கொடுக்க வேண்டாம். பொருந்தியதும் இரண்டு முனைகளிலும் கட்டைவிரல் வைத்து 'டக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். சில போர்டுகளில் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். தாழ்ப்பாள் இல்லாத அந்த முனைதான் அரைகுறையாக நின்றுவிடும், அங்கே குனிந்து பாருங்கள்.

அடுத்தது பயாஸ், அதாவது கணினி துவங்கும்போதே திறக்கும் போர்டின் அமைப்புத் திரை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், டூயல் சேனல் வந்த பிறகும் வேகம் முழுதாக ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பல ரேம்கள் முதலில் 2133 அல்லது 2400 அல்லது 2666-இல்தான் எழும். பயாஸில் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்துக்காக ரேமிலேயே பதிந்திருக்கும் அமைப்பை, இயக்குங்கள். ஏஎம்டி போர்டுகளில் அது டிஓசிபி என்ற பெயரில் இருக்கலாம், டிடிஆர்5 என்றால் எக்ஸ்போ. டிடிஆர்4-க்கு வழக்கமான 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டதும் பெரும்பாலும் 1.35 ஆகும். அது அந்த ரேமுக்கு நிர்ணயித்த அளவுதான், பயப்பட வேண்டாம்.

சரிபார்க்க சிபியூ-இசட்டில் மெமரி பக்கத்தைத் திறங்கள். பழைய பதிப்பில் 'டூயல்' என்று வரும், புதியதில் 2 x 64 பிட். டிடிஆர்5-இல் ஒரே ரேமுக்குள் 32 பிட் துணைச்சேனல் இரண்டு இருப்பதால், சரியாகப் பொருத்தினால் 4 x 32 பிட் என்று காட்டும். 2 x 32 மட்டும் வந்தால் அது சிங்கிள் சேனலே. அதே பக்கத்தில் அதிர்வெண் 1600 என்று இருந்தால் பதற வேண்டாம், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை அனுப்புவதால் அதுதான் 3200. டாஸ்க் மேனேஜரில் '4-இல் 2 ஸ்லாட் பயன்பாட்டில்' என்று வருவது எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், சேனலை அல்ல. கடைசியாக ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை மென்பொருளை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகத்தை ஏற்காதீர்கள், ஒரு படி இறக்குங்கள்.

இதே கேள்வியோடு வழக்கமாக வரும் இன்னும் இரண்டு சந்தேகங்கள். அளவு வேறுபட்டால்? 8-உம் 16-உம் போட்டால் முதல் 8+8 டூயல் சேனலிலும், மீதி 8 சிங்கிளிலும் ஓடும். வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் குவாட் சேனலா? இல்லை, டூயல் சேனலேதான். சேனலுக்கு இரண்டு ரேம் என்றானதும் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் சுமை ஏறி வேகம் குறையும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு டிடிஆர்5 ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. 32 ஜிபி வேண்டும் என்றால் 16-இல் இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். பின்னால் தனியாக வாங்கிச் சேர்ப்பது, மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும், உள்ளே சிப் வேறாக இருக்கும் வாய்ப்புண்டு.

பலன் எங்கே தெரியும்? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பியிருந்தால் கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அதற்கு வீடியோ மெமரியும் இந்த ரேம்தான். கோப்பு சுருக்குதல், வீடியோ வேலை இவற்றில் ஓரளவு. பிரவுசரில், டைப்பிங்கில் நீங்கள் உணரப்போவதில்லை.

மாற்றிய பிறகு திரை வராவிட்டால் முதலில் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். டிடிஆர்5 என்றால் முதல் முறை போர்டு ரேமைச் சோதித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள (இதை 'பயிற்சி' என்பார்கள்) சில நிமிடம் ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். அப்படியும் வராவிட்டால் சிமாஸை, அதாவது பயாஸில் சேமித்த அமைப்புகளை, கையேட்டில் சொன்னபடி அழித்து, ஒரே ரேமை ஏ2-இல் வைத்துப் பாருங்கள், பிறகு அதையே பி2-இல். எந்த ரேமைப் போட்டாலும் ஒரு சேனல் மட்டும் உயிர் பெறவில்லை என்றால் சந்தேகம் பிராசஸர் பக்கம் போகவேண்டும். கூலரின் திருகுகளை ஒருபக்கம் அதிகமாக இறுக்கியிருந்தால் பிராசஸர் சாய்ந்து மெமரித் தொடர்பு அறுந்துபோகலாம். திருகுகளைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிராசஸரை எடுத்து, டார்ச் அடித்து, பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கும், ஏஎம்4-இல் பிராசஸரின் அடியில்.