நாம் வளர்ந்த விதமும் ஆட்டிசம் உள்ள குழந்தையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஆட்டிசம் உள்ள என் ஆறு வயது மகன், தறி ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அப்பாவிடம் அடி வாங்கியே வளர்ந்த எனக்கு உடனே கை ஓங்கிவிடுகிறது.

பதில்: பிள்ளை அலறினால் அடித்து அடக்குவதுதான் வளர்ப்பு என்று சிறுவயதிலேயே உங்கள் உடம்பு கற்றுக்கொண்டதால், யோசிப்பதற்கு முன்பே கை எழுகிறது. ஆனால் அவன் காட்டுவது அடம் அன்று. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. நமக்குப் பழகிப்போன தறிச் சத்தம் அவனுக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம், அடியோ அந்த வேதனையோடு அச்சத்தையும் சேர்க்கும். தறியை ஓட்டுவதற்கு முன் படம் வரைந்த அட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டு, அவனைச் சத்தம் குறைந்த இடத்துக்கு அனுப்புங்கள். காதை மூடும் ஹெட்போனும் உதவும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் தந்தை ஒருவர், கோபம் ஏறும்போது தோளில் கிடக்கும் துண்டை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறார். கை தளர்ந்த பிறகே மகனருகே செல்கிறார். அதையும் மீறி அடித்துவிட்டால், பக்கத்தில் அமர்ந்து, ‘அப்பா செய்தது தப்பு’ என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். உங்கள் அப்பா ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்து, தாயன்பு அறியாமல் வளர்ந்தவள் நான். ‘உனக்குக் கொஞ்சத் தெரியாததால்தான் பிள்ளை இப்படி ஆனான்’ என்கிறார் மாமியார். அவனும் நான் அணைத்தால் விலகி ஓடுகிறான்.

பதில்: உங்கள் மாமியார் சொல்வது தவறு, இதை உறுதியாகச் சொல்கிறேன். இந்தப் பழியை ஒரு காலத்தில் மருத்துவ உலகமே தாய்மார்மீது சுமத்தியது. 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த மனநல மருத்துவர் லியோ கானர், பெற்றோரிடம் கனிவு குறைவு என்று எழுதினார். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் அதையே காரணமாக்கிப் பரப்பினார். பாசமின்றி உறைந்துபோனவள் என்ற பொருளில் ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்ற கொடிய பெயரும் நிலைத்தது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாந்து 1964-இல் அந்தக் கருத்தை மறுத்தார். 1977-இல் மனநல மருத்துவர்கள் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையரை ஆராய்ந்து, மரபணுக்களின் பங்கை எடுத்துக்காட்டினர். நீங்கள் வளர்ந்த விதம் அவனுக்கு ஆட்டிசத்தைத் தரவில்லை. அவன் விலகும்போது உங்களுக்கு உண்டாகும் வலியைத்தான் அது கூட்டுகிறது. மெல்லத் தொட்டால் கூசி விலகும் குழந்தைகள் சிலர், இறுக்கமான அணைப்பை விரும்புவதுண்டு. கையை நீட்டிக் காத்திருங்கள். அவனாக வந்து உங்கள்மீது முதுகைச் சாய்த்தால், அதுவே அவனுடைய கொஞ்சல்.

கேள்வி: சிறுவயதில் நானும் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவேன், பேருந்து எண்களை மனப்பாடம் செய்வேன். ஆட்டிசம் உள்ள என் மகள் என்னைப் போலவா?

பதில்: இருக்கலாம், இத்தகைய இயல்புகள் குடும்பங்களில் தொடர்வதுண்டு. உங்களைப் பற்றி அறிய விரும்பினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆடித் திருவிழாவில், சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் நெரிசலில், அந்த வயதில் உங்களுக்கு எது தேவைப்பட்டிருக்குமோ அதை அவளுக்குச் செய்யுங்கள்: கூட்டம் சேர்வதற்கு முன்பே அழைத்துச் செல்லுங்கள், ‘போகலாம்’ என்று அவள் கையைப் பிடித்து இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.