பொய் சொல்லாத பேய்கள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினேழு வயது, ஏஎல் பயோ படிக்கிறாள். கொக்குவிலில் இருக்கிறோம். ரியூசன் முடிந்து வந்தால் போனும் கையும்தான். எட்டிப் பார்த்தால் ஆங்கிலக் கதைப் புத்தகம். 'ஃபேரி' கதை என்றாள், சின்னப்பிள்ளைக் கதைதானே என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் வாங்கிச் சில பக்கங்கள் வாசித்தேன். தொடக்கத்திலேயே ஒருவன் வந்து பிள்ளைகளுக்கு முன்னால் தாயையும் தகப்பனையும் கொல்கிறான். கொன்றவனே அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் வளர்க்கிறான். போதாததற்கு அழகான கொடுமைக்கார இளவரசன் ஒருவன். இவளுடைய சிநேகிதிகளும் இதைத்தான் வாசிக்கிறார்களாம். இந்த இருட்டும் இரத்தமும் இந்த வயதில் ஏன் இவ்வளவு இனிக்கிறது? நமது பண்பாட்டோடு ஒட்டாத சாமானை வாசித்துப் பிள்ளை கெட்டுப்போகாதா? போனை வாங்கி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஹொலி பிளாக்கின் 'த குரூவல் பிரின்ஸ்' ஆகத்தான் இருக்கவேண்டும். 2018இல் வந்தது, மிச்ச இரண்டு பாகங்களும் அடுத்த ஆண்டே வந்து கதை முடிந்துவிட்டது. நானும் வாசித்தேன். இரத்தம் உண்டுதான். ஆனால் உங்கள் மகள் இரத்தத்துக்காக அதை வாசிக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை, அது தேவையென்றால் இப்போது வருகிற தமிழ்ப் படங்களில் இதைவிடத் தாராளமாகக் கிடைக்கும்.

அந்த உலகத்தின் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஃபேரிகள் என்றால் மனிதரைப் போல இருக்கிற மாயப் பிறவிகள், அவர்களுக்குப் பொய் சொல்ல வராது. அதற்காக நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், சொல்லுகிற ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும், கேட்டு நம்பியவன் கிணற்றுக்குள் கிடப்பான். கொடுத்த வாக்கை மீற முடியாது, ஆகவே கொடுக்கும்போதே அதில் ஓர் ஓட்டை வைத்துக் கொடுப்பார்கள். தாய் தகப்பனைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் கதாநாயகி ஜூட், அவர்களுக்கு நடுவில் வெறும் மனுசி. மந்திரம் தெரியாது, அவர்களுடைய பழத்தைத் தின்றால் புத்தி பேதலித்துவிடும், மயக்கு மந்திரத்துக்குப் பயந்து சாப்பாட்டில் உப்புத் தூவிக்கொண்டு இருக்கிறவள். அவர்களிடம் இல்லாமல் அவளிடம் மட்டும் இருப்பது ஒன்று, அவளால் பொய் சொல்ல முடியும்.

இதை யாழ்ப்பாணத்தில் ஒரு பதினேழு வயதுப் பெண்பிள்ளை வாசிக்கிறாள். வீட்டில் மூத்தவளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மாப்பிள்ளையின் தாய் ரீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்: "நாங்கள் சீதனம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ. எங்கட மூத்தவனுக்குப் பொம்பிளை வீட்டுக்காரர் கொழும்பில வீடு குடுத்தவை, அதையும் நாங்கள் வாய் திறந்து கேட்டதில்லை." இதில் எந்தச் சொல் பொய்? ஒன்றுமில்லை. அவர்கள் போனபிறகு தகப்பன் அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறார், அதை விற்பதா ஈடு வைப்பதா என்று. குசினி வாசலில் வெறுங் கோப்பைகளோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இளையவளுக்கு ஃபேரி அரசவையில் புதிதாக என்ன இருக்கிறது சொல்லுங்கள். தான் போடாத சட்டங்களுக்குள், சிரித்த முகத்தோடு பேசுகிற பெரியவர்களுக்கு நடுவில், யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்த வயது நடக்கிறது. அதை இந்த நாவல்கள் விளையாட்டாக எடுப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்வது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அதில் முக்கியமானவன் இளவரசன் இல்லை, உங்களைத் திடுக்கிடவைத்த அந்தக் கொலைகாரன், மடொக். கொன்றுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனவன் அந்தப் பிள்ளைகளை நன்றாகவே வளர்க்கிறான், வாள்வீச்சுப் பழக்குகிறான், தகப்பன் மாதிரி ஆகிவிடுகிறான். கொன்றவன் கையால் சோறு தின்று வளர்ந்தவள் அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் இழுபடுகிறாள். இதையே மனிதர்களை வைத்து ஒரு யதார்த்த நாவலாக எழுதினால் நாங்கள் உடனே பக்கம் பிரிந்து நின்று எழுதியவனைத்தான் விசாரிப்போம். நம் ஊரில் இதை இதற்குமேல் நீட்டத் தேவையில்லை.

பண்பாடு என்றீர்கள். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஊர்ச்சனம் பயந்த ஃபேரிக்கு இரும்பு ஆகாது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் கத்தியோ பாக்குவெட்டியோ ஏன் கிடந்தது? பொழுதுபட்டபின் இறைச்சிக்கறி கொடுத்துவிட்டால், மேலே ஒரு கரித்துண்டு வைக்காமல் என் அப்பம்மா ஏனத்தைக் கையில் தரமாட்டார். செட்டை வைத்த குட்டி அழகியெல்லாம் பிறகு வந்தது, பழைய ஃபேரி பயப்படவேண்டிய ஆள். அந்தப் பயம் விளையாட்டும் இல்லை: 1895இல் அயர்லாந்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண்ணை, இது என் மனைவியே இல்லை, ஃபேரிகள் மாற்றி வைத்தது என்று சொல்லிப் புருசனே எரித்தான்.

எங்கள் பக்கம் பழையனூர் நீலி இருக்கிறாள். தன்னைக் கொன்ற புருசனைத் தேடிப் பேயாக வருகிறவள், கள்ளிக்கொப்பை முறித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ஊர்ச்சபைக்குப் போகிறாள். இவர் என் புருசன், என்னோடு அனுப்புங்கள் என்கிறாள். அவன் அலறுகிறான், சபை குழந்தையைத்தான் பார்க்கிறது. அவனுக்கு ஏதும் நடந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று 70 வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள், விடிய அவன் பிணம், வாக்கைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அவள் ஒருவரையும் அடித்து வெல்லவில்லை, பெரியவர்களின் வாயிலிருந்து வாக்கை வாங்கினாள், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு இதை ஒரு இரவு சொல்லிப் பாருங்கள், போனைக் கீழே வைப்பாள்.

எல்லாம் நல்லது என்று சொல்லவரவில்லை. முன்பாதி முழுக்க அவமானப்படுத்தியவன் பின்பாதியில் காதலனாகிற வாய்பாடு எனக்குச் சரிவருவதில்லை, இந்த நாவலும் அந்த இடத்தில் சறுக்குகிறது. பின்னால் வந்த பலதும் அந்த வாய்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, சட்டங்களையும் பேரங்களையும் விட்டுவிட்டன. அப்புறம், அட்டையைப் பார்த்து வயதை மட்டுக்கட்ட முடியாது. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஒஃப் தோர்ன்ஸ் அன்ட் ரோசஸ்' 2015இல் இளையோர் நாவலாக வந்து, பிறகு பெரியவர்களின் தட்டுக்குப் போய்விட்டது, படுக்கையறைக் காட்சிகள்தான் காரணம். அது போனில் இருந்தால் சத்தம் போடவேண்டாம், ஆனால் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சரி, போன். இரவு பத்தரைக்கு வாங்கி வையுங்கள். நித்திரைக்காகத்தான் என்று நேராகச் சொல்லுங்கள். "நான் ஒண்டும் வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லையே பிள்ளை" என்று சுற்றிவளைத்துத் தொடங்கினீர்களோ, இவ்வளவு ஃபேரிகளோடு பழகியவள் அந்த வசனம் முடியமுதலே உங்களைப் பிடித்துவிடுவாள்.