எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு மாத்திரைகளை நிறுத்தலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு முன் கோவையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்புக்காக பைபாஸ் அறுவை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை 71 கிலோவுக்கு வந்தது. முதல் ஆண்டு சத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டேன். உடம்பு தெம்பாக இருந்ததால் பிறகு நிறுத்திவிட்டேன். ஆறு மாதமாகப் பாதங்கள் மதமதவென்று இருக்கின்றன. நடக்கும்போது செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உள்ளூர் டாக்டர் இரத்தசோகை என்று சொல்லி ஃபோலிக் அமில மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார். அறுவை செய்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? பாலக்காட்டிலேயே பார்க்கலாமா, கோவைக்குத்தான் போக வேண்டுமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆயுள் முழுவதும் சாப்பிடத்தான் வேண்டும். பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலின் பக்கமே உணவு இனிப் போகாது. உணவிலிருந்து வைட்டமின் பி12 பிரிவதற்கு இரைப்பையின் அமிலமும், அது குடலில் உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் தேவை. உங்கள் சிறு பையில் இரண்டுமே மிகக் குறைவு. ஆகவே எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் பற்றாக்குறை வரும். முதல் ஆண்டுகளில் நீங்கள் தெம்பாக இருந்ததற்குக் காரணம், கல்லீரலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பி12 இருப்புதான். அந்த இருப்பு கரைய ஓரிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், மாத்திரையை நிறுத்தியவுடன் ஒன்றும் ஆகவில்லையே என்று பலரும் ஏமாந்துவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டிருப்பது. பி12 குறைவால் வந்த இரத்தசோகையை ஃபோலிக் அமிலம் ஓரளவு சரிசெய்துவிடும். ஆனால் நரம்புகளின் சேதத்தை அது தடுக்காது. ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போதே பாத மதமதப்பு முழங்காலை நோக்கி ஏறும். நாள்பட்ட நரம்புச் சேதம் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம் என்பதால், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பி12 அளவுக்கான இரத்தத்தை, பி12 ஊசி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆனால் முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கூடவே முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தாமிரச்சத்துக் குறைவும் இதே போன்ற மதமதப்பையும் தள்ளாட்டத்தையும் தரும். பி12 ஊசி போட்டும் குறையவில்லையென்றால் அதையும் சோதிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, வயிற்றெரிச்சலுக்கு பான்டோபிரசோலோ நீண்ட காலம் சாப்பிட்டுவந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அவையும் பி12-ஐக் குறைப்பவை.

எங்கே பார்ப்பது என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊசி, இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பாலக்காட்டில் ஒரு பொதுமருத்துவ நிபுணரே போதும். அறுவை செய்தவர்தான் இவற்றைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது, எடைக்குறைப்பு அறுவைகளைத் தொடர்ந்து செய்துவருகிற, உணவியல் நிபுணரையும் கொண்ட ஒரு பிரிவில் காட்டிவிட வேண்டும். அதற்கு வேலந்தாவளம் வழியாகக் கோவை செல்வது உங்களுக்கு எளிதாக இருக்கும். முன்பு செய்த அதே மருத்துவமனைதான் என்றில்லை. முதல்முறை தொலைபேசியில் பேசும்போதே, வேறு இடத்தில் அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரியும் அறுவைக் குறிப்பும். ‘பைபாஸ்’ என்று நீங்கள் சொல்வது ஒரே இணைப்புள்ள மினி பைபாஸா, இரு இணைப்புகள் உள்ளதா, எவ்வளவு நீளக் குடல் ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்; மருந்தின் அளவு அதைப் பொறுத்து மாறும். இதில் தாமதம் கூடாது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று மாதமே இருக்கிறது. எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுவான அளவுகளையும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இவ்வகை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பி12 நாளொன்றுக்கு 350 முதல் 500 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசியாகவோ தேவை, மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இரும்புச்சத்து நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம். இவை பற்றாக்குறை வராமல் காக்கும் அளவுகள் மட்டுமே. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது இதைவிட அதிகமாகவே இருக்கும். அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு இரண்டு மாதங்களுக்கு முன் இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவை நடந்தது. மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இங்குள்ள கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். இரண்டு நாட்களாகப் பார்வை இரட்டையாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது என்கிறாள். பலவீனம்தானே?
- வாசகர், செங்கோட்டை

பதில்: இக்கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது வெறும் பலவீனம் அன்று. வைட்டமின் பி1 எனப்படும் தயமின் தீர்ந்துபோய் மூளை பாதிக்கப்படுவதன் அடையாளம். பி12-ஐப் போலன்றி, தயமினின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களிலேயே கரைந்துவிடும். இந்நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது எஞ்சியிருக்கும் தயமினையும் செலவழித்து நிலைமையை மோசமாக்கலாம். தயமினை இரத்தக்குழாய் வழியாக முதலில் கொடுக்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘எடைக்குறைப்பு அறுவை நடந்தது, பல வாரமாக வாந்தி, தயமின் இன்னும் கொடுக்கவில்லை’ என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். வாந்திக்குக் காரணம் இரைப்பைப் பாதை சுருங்கியிருப்பதா என்பதை, உயிருக்கான ஆபத்து நீங்கியபின், அறுவை மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்.

கேள்வி: காலையில் சாயா குடித்தவுடன் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைச் சேர்த்தே விழுங்கிவிடுகிறேன். சரிதானா?
- வாசகி, களியக்காவிளை

பதில்: சரியில்லை. கால்சியமும் சாயாவும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள், சாயாவையும் தள்ளி வையுங்கள். கால்சியம் வாங்கும்போது அட்டையில் சிட்ரேட் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கார்பனேட் வகை கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும், எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் உங்களுக்கு அது குறைவு. ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தை எலுமிச்சைச் சாற்றோடு இரவில் சாப்பிடுவது பலருக்கு ஒத்துவருகிறது.