வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையும் மாகாண அரசும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் பல ஒரே பொருளைப் பற்றியவை. அவற்றுள் ஆறினை இங்கு சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வெளிநாட்டு வர்த்தகம் மத்திய அரசுக்குரியது என்றே உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறோம். அப்படியாயின், அது மாநில அரசுகளையும் மாகாண சபைகளையும் எவ்வாறு பாதிக்க முடியும்?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: தீர்மானிக்கும் அதிகாரம் மத்தியில் இருப்பதால்தான் பாதிப்பு கீழே உணரப்படுகிறது. ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, காங்கிரசின் சம்மதமின்றி எந்த மாநிலமும் இறக்குமதிக்கோ ஏற்றுமதிக்கோ தீர்வை விதிக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு வர்த்தகம் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. அதற்கும் மேலாக, வெளிநாட்டு உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றுவதற்காக எந்த விடயத்திலும் சட்டமியற்றலாம் என்று 253 ஆம் உறுப்புரை பாராளுமன்றத்துக்கு அதிகாரம் அளிப்பதால், மாநிலப் பட்டியலிலுள்ள விவசாயமும் அந்த வழியால் தில்லியின் கைக்குப் போகலாம். மாகாண சபைகளை உருவாக்கிய நமது 13 ஆம் திருத்தத்தில் வெளிநாட்டு வர்த்தகம் மத்திய அரசுக்குரிய ஒதுக்கிய நிரலிலும் விவசாயம் மாகாண சபை நிரலிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. வயல் ஒருவரிடமும் துறைமுகம் இன்னொருவரிடமும் இருக்கும் இந்த ஏற்பாட்டிலிருந்தே நீங்கள் கேட்கும் பாதிப்பு தொடங்குகிறது.

இனி உலக வர்த்தக அமைப்பின் பக்கத்தைப் பாருங்கள். அங்கு வழக்காடுபவை நாடுகள் மட்டுமே. ஆனால் ஒரு நாடு தன் பிராந்திய, உள்ளூர் அரசுகளும் விதிகளைக் கடைப்பிடிப்பதற்குத் தன்னால் இயன்ற நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் அடிப்படை வர்த்தக உடன்பாடான காட் உடன்பாட்டின் 24 ஆம் உறுப்புரை கட்டளையிடுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2009 இல் பசுமை மின்சாரத் திட்டமொன்றைத் தொடங்கி, அதில் சேரும் உற்பத்தியாளர்கள் உபகரணங்களில் குறிப்பிட்ட பங்கை ஒன்ராறியோவிலேயே பெற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. உள்ளூரில் வேலைவாய்ப்பை உருவாக்க விரும்பும் எந்த மாகாண அரசும் அவ்வாறே சிந்தித்திருக்கும். யப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் முறையிட்டன. 2013 இல் மேன்முறையீட்டிலும் தீர்ப்பு கனடாவுக்கு எதிராகவே அமைந்தது. ஒன்ராறியோ தன் நிபந்தனையைக் கைவிட நேர்ந்தது. இதே வகையான உள்ளூர் முன்னுரிமைகளுக்காக வாஷிங்டன், கலிபோர்னியா, மொன்டானா முதலிய அமெரிக்க மாநிலங்களின் திட்டங்களை எதிர்த்து இந்தியா 2016 இல் முறையிட்டு, 2019 இல் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. இரண்டு வழக்குகளிலும் பிரதிவாதி மத்திய அரசு. மாற்ற வேண்டியதாக இருந்ததோ மாநிலத்தின் சட்டம்.

உள்நாட்டு நீதிமன்றமே மாநிலத்தைத் தடுத்த நிகழ்வும் உண்டு. மியன்மாருடன் வணிகம் செய்யும் நிறுவனங்களிடமிருந்து அரச கொள்வனவைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை மசச்சூசெற்ஸ் மாநிலம் 1996 இல் இயற்றியது. மத்திய அரசு அந்நாட்டின் மீது தானே தடைகளை விதித்திருக்க, மாநிலம் வேறொரு வழியில் செல்ல முடியாது என்று கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு அச்சட்டத்தை ஏகமனதாக நிராகரித்தது.

கேள்வி: வேளாண்மை வெட்டும் காலம் நெருங்கும்போது வெளிநாட்டு அரிசி வந்து இறங்குகிறது. மாகாண விவசாய அமைச்சிடம் போனால் கொழும்பைக் கேளுங்கள் என்கிறார்கள். இது யாருடைய பொறுப்பு?
– ஒரு விவசாயி, சம்மாந்துறை

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்டது சட்டப்படி சரியே, ஆனால் அது உங்களுக்கு நியாயம் செய்யவில்லை. அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு போன்றவற்றின் இறக்குமதி வரியை 2007 ஆம் ஆண்டின் விசேட பண்ட வரிச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சர் வர்த்தமானி மூலம் ஒரே இரவில் மாற்றலாம். எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்பதை 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. 2024 டிசம்பரில் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி அரிசி இறக்குமதி திறந்துவிடப்பட்டது, கிலோவுக்கு 65 ரூபா வரி அறவிடப்பட்டது, 2025 ஜனவரி 10 ஆம் திகதி வரை அனுமதி நீடிக்கப்பட்டது. நகரத்து நுகர்வோருக்கு அது தேவையாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போக அறுவடை அதற்குச் சில கிழமைகளுக்குள் தொடங்குவது விவசாயத் திணைக்களத்துக்குத் தெரியாத செய்தியன்று.

இதனிலும் பெரிய உதாரணம் 2021 இல் நடந்தது. அவ்வாண்டு மே மாதம் வெளியான வர்த்தமானியொன்று இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தியது. அது இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதி மட்டுமே. விவசாயச் சட்டம் அன்று. ஆகவே விவசாயத்தைத் தன் நிரலில் வைத்திருக்கும் மாகாணத்தின் கருத்தைப் பெறுவதற்கு அங்கு சட்டத் தேவையே எழவில்லை. கிழக்கில் அவ்வேளை கருத்துச் சொல்ல ஒரு சபையும் இருக்கவில்லை. யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளாகி நின்ற வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, போய் விவசாயிகளின் கோபத்துக்கு முகங்கொடுத்தவர்களோ களத்திலிருந்த விவசாயப் போதனாசிரியர்கள். தடை நவம்பரில் தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு முடிந்துகொண்டிருந்தது.

உலக வர்த்தக அமைப்புத்தான் இறக்குமதி செய்யச் சொல்கிறது என்ற பேச்சும் உண்டு. இலங்கை அந்த அமைப்பில் விவசாயப் பொருட்களுக்கு 50 சதவீதம் என்ற உச்சவரம்பை ஏற்றிருக்கிறது. அதற்குள் தீர்வையைக் கூட்டவும் குறைக்கவும் கொழும்புக்குச் சுதந்திரம் உண்டு. ஆகவே அறுவடைக் காலத்தில் வரி குறைக்கப்பட்டால் அதற்கு ஜெனீவாவிலுள்ள அந்த அமைப்பைக் குறைகூறுவதில் பயனில்லை.

கேள்வி: கைத்தறிக்கு வேண்டிய நூல் இந்தியாவிலிருந்து வருகிறது, மலிவான சாரிகளும் வெளியிலிருந்து வருகின்றன. நூலின் தீர்வையை மாகாணத்தால் குறைக்க முடியாதா?
– ஒரு நெசவாளர், மருதமுனை

பதில்: முடியாது, சுங்கம் முழுவதும் மத்திய அரசுக்குரியது. ஆனால் மாகாணத்தால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. அரசு வாங்கும் பொருட்களுக்கான சந்தையை வெளிநாட்டாருக்கும் திறக்கும் உலக வர்த்தக அமைப்பின் அரச கொள்வனவு உடன்பாட்டில் இலங்கை அங்கத்துவ நாடு அன்று. அமெரிக்காவின் 37 மாநிலங்கள் அதனால் கட்டுண்டவை. கிழக்கு மாகாணம் அவ்வாறு கட்டுண்டதன்று. மாகாணத் திணைக்களங்களும் பிரதேச வைத்தியசாலைகளும் தமது சொந்தப் பாவனைக்கான துணியை மருதமுனைத் தறிகளிலிருந்து வாங்க முன்னுரிமை கொடுத்தால், மீறப்படும் சர்வதேச விதி எதுவும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் மாகாணக் கொள்வனவு அதிகாரிகள். எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இறக்குமதிக் கொள்கையால் மாகாணத்தின் வருமானம் குறையும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். மாகாணம் சுங்க வரி அறவிடுவதில்லையே?
– ஓய்வுபெற்ற மாகாண உத்தியோகத்தர், ஆரையம்பதி

பதில்: அறவிடுவதில்லை, ஆனால் பங்கு பெறுகிறது. மாகாண சபைகளின் முதன்மை வருமானமாக இருந்த, விற்பனை வரவின் மீதான புரள்வு வரி 2011 ஜனவரியுடன் நீக்கப்பட்டு, அதற்கு ஈடாக, மத்திய அரசு அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கும், முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 சதவீதமும் மாகாணங்களுக்குப் பகிரப்படும் என்ற ஏற்பாடு வந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி இறக்குமதிப் பொருட்கள் மீதும் அறவிடப்பட்டது. ஆகவே அன்றிலிருந்தே மாகாணத்தின் வரவு துறைமுகத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டது. அந்த வரி 2019 டிசம்பரில் ஒழிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. டொலரைக் காக்க எடுத்த முடிவு என்ற அளவில் அது விளங்கக்கூடியதே. ஆனால் புதிய வாகனம் பதிவாகாத அந்த ஆண்டுகளில் அதன் பதிவுக் கட்டணத்தில் மாகாணத்துக்குரிய பங்கும் இல்லாமற்போனது. தன் சொந்த வரி பிடுங்கப்பட்ட மாகாணம், வீதிக்கும் பாடசாலைக்கும் மத்திய அரசின் கொடையை முன்னரை விடவும் அதிகமாக எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.

கேள்வி: வெளிநாட்டு முதலீட்டு ஒப்பந்தங்கள் நம் பகுதியைப் பாதித்ததற்கு உதாரணம் உண்டா?
– பல்கலைக்கழக மாணவர், கொக்கட்டிச்சோலை

பதில்: உலகச் சட்ட வரலாற்றில் இடம்பிடித்த உதாரணம் உங்கள் ஊரின் அருகிலேயே இருக்கிறது. 1987 ஜனவரி 28 ஆம் திகதி பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையொன்றின்போது மகிழடித்தீவுப் பக்கத்து இறால் பண்ணை அழிக்கப்பட்டது. பண்ணையின் ஊழியர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக முறையிடப்பட்டது. பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் நிறுவனம், பிரித்தானியாவும் இலங்கையும் 1980 இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி, முதலீட்டுப் பிணக்குகளுக்கான வாஷிங்டன் நிலையத்தில் இலங்கை அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. இத்தகைய உடன்படிக்கை ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு அந்நிலையத்தில் தீர்க்கப்பட்ட முதல் வழக்கு இதுவே. எட்டு மில்லியன் டொலருக்கு மேல் கேட்கப்பட்டது. முதலீட்டைப் பாதுகாப்பதில் அரசு உரிய கவனம் எடுக்கத் தவறியது என்று கண்ட நடுவர் மன்றம், 1990 ஜூனில் 4,60,000 டொலரும் வட்டியும் செலுத்தத் தீர்ப்பளித்தது.

கொல்லப்பட்ட தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு அந்த உடன்படிக்கையின் கீழ் வழக்காடும் உரிமை இல்லை. அது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு மட்டும் திறந்த கதவு. சர்வதேசச் சட்ட மாணவர்கள் பல நாடுகளில் இவ்வழக்கைக் கற்கிறார்கள். அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்களின் பெயர்களை அவர்கள் கற்பதில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது.

மாகாண நிருவாகத்துக்கு இதிலுள்ள பொருத்தம், அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையால் வருகிறது. பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரிக்கும் முதலீட்டு உடன்படிக்கை சட்டத்தின் வலுவைப் பெறும். தேசியப் பாதுகாப்புக்காக அன்றி அதற்கு முரணாக எழுத்துச் சட்டம் இயற்றவோ நிருவாக நடவடிக்கை எடுக்கவோ முடியாது. களப்பையோ மேய்ச்சல் தரையையோ காப்பதற்காக நாளை மாகாணம் ஓர் அனுமதியை மறுத்தால், எங்கோ செய்த உடன்படிக்கை அதன் எதிரே வந்து நிற்கலாம். கனடாவின் நியூபவுண்ட்லாந்து மாகாணம் 2008 இல் ஒரு காகித நிறுவனத்தின் சொத்துகளைச் சுவீகரித்தபோது, அந்நிறுவனம் உடன்படிக்கையைக் காட்டிக் கேட்ட இழப்பீட்டுக்காக 130 மில்லியன் கனேடிய டொலரை மத்திய அரசு கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. இனிமேல் இத்தகைய தொகை மாகாணத்திடம் அறவிடப்படும் என்று அன்றைய பிரதமர் எச்சரித்தார்.

கேள்வி: மாகாணம் என்னதான் செய்யலாம்?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தீர்வை விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை, ஒன்பது மாகாணங்களுக்கு ஒன்பது சுங்கம் இருந்தால் சிறு வணிகரே முதலில் நசுங்குவார். நான் கேட்பது, முடிவுக்கு முன் கலந்தாலோசிக்கப்படும் உரிமையை. ஐரோப்பிய ஒன்றியம் கனடாவுடன் வர்த்தக உடன்பாட்டுக்கான பேச்சைத் தொடங்கியபோது, மாகாணங்களின் கொள்வனவுச் சந்தை தனக்குத் தேவை என்பதால், மாகாணங்களும் மேசைக்கு வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமே வலியுறுத்தியது. அதே உடன்பாட்டை 2016 ஒக்டோபரில் பெல்ஜியத்தின் வலோனியப் பிராந்தியம் மறுத்து நின்று, விளக்கப் பிரகடனங்களைப் பெற்ற பின்னரே இணங்கியது. அமெரிக்காவில் 2025 இல் சனாதிபதி விதித்த தீர்வைகளால் தமது சொந்தக் கொள்வனவின் செலவு கூடுகிறது என்று காட்டி 12 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. மே மாதம் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது.

கேரளம் 2009 இல் தென்கிழக்காசிய நாடுகளுடனான ஆசியான் வர்த்தக உடன்பாட்டை ரப்பர், தென்னை, மிளகு ஆகியவற்றின் பெயரால் எதிர்த்தும் அது கையொப்பமானது. ஆனால் தென்னிந்திய மிளகு விவசாயிகளின் முறைப்பாடுகள் வீண்போகவில்லை. இலங்கை வழியாக மலிவு மிளகு வருகிறது என்ற முறைப்பாடுகளுக்குப் பின், 2017 டிசம்பரில் இந்திய மத்திய அரசு மிளகுக்குக் கிலோ 500 இந்திய ரூபா என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. அங்குள்ள விவசாயிகளின் குரல் நமது மிளகுத் தோட்டங்கள் வரை எட்டியது.

நமது அரசியலமைப்பில், மாகாண சபை நிரலிலுள்ள விடயம் பற்றிய சட்டமூலம் ஒவ்வொரு மாகாண சபைக்கும் கருத்துக்காக அனுப்பப்பட வேண்டும். அதே கடமை, விவசாயத்தையும் கைத்தொழிலையும் தொடும் இறக்குமதி வர்த்தமானிகளுக்கும் வர்த்தக உடன்படிக்கைகளுக்கும் விரிவாக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு முன்னதாக, கருத்துச் சொல்ல ஒரு சபை வேண்டும். 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதியுடன் கலைந்த கிழக்கு மாகாண சபைக்கு அதன் பின் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநரும் உத்தியோகத்தர்களும் மக்களின் பிரதிநிதிகளுக்கு ஈடாக மாட்டார்கள். தேர்தல் வரும் வரை செய்யக்கூடிய வேலையும் உண்டு. ஒவ்வொரு போகத்திலும் எந்தக் கிழமையில் எந்த வட்டையில் அறுவடை தொடங்கும், எவ்வளவு நெல் எதிர்பார்க்கப்படுகிறது என்ற கணக்கைக் கமக்காரர் அமைப்புகளும் வட்டை விதானைமாரும் விவசாயப் போதனாசிரியர்களும் சேர்ந்து தயாரித்து, மாகாண விவசாய அமைச்சின் ஊடாக நிதி அமைச்சுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுப்புவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.